கனமா தெரியணும், கனமா இருக்கக் கூடாது: எஞ்சினியரோட பைப் ரிஞ்ச் செய்யுறது

டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாடினவங்களுக்கு எஞ்சினியர் யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. விளையாடாதவங்களுக்காக ரெண்டு வரி. 2007 அக்டோபர்ல ஆரஞ்ச் பாக்ஸ்ங்கிற தொகுப்புல வந்த வீடியோ கேம், மொத்தம் 9 கேரக்டர், அதுல 8 பேர் ஓடி ஆடி சுட்டுக்கிட்டு இருப்பாங்க, ஒருத்தர் மட்டும் ஒரு நல்ல மூலையா பாத்து மெஷின் கட்டிக்கிட்டு இருப்பாரு. மஞ்சள் ஹெல்மெட், கருப்பு காகிள்ஸ், ஓவரால், வலது கையில மட்டும் க்ளவுஸ், கட்டை குட்டையான உருவம். அவர்தான் எஞ்சினியர், நான் அந்த கேம்ல வருஷக்கணக்கா ஆடுறதும் அவரைத்தான், காஸ்ப்ளே, அதாவது கேரக்டர் மாதிரி வேஷம் போடுறது, பண்ணணும்னு தோணினப்போ வேற யாரையும் யோசிக்கக்கூட இல்ல.

அவர் கையில இருக்குற ரிஞ்ச், அதாவது பைப்பைப் பிடிச்சுத் திருகுற கருவி, அதைப் பத்திதான் இந்தப் பதிவு. டிரெஸ்ஸைப் பத்தி இல்ல. ஓவரால் எங்க வேணா கிடைக்கும், ஹெல்மெட் ஹார்ட்வேர் கடையில கிடைக்கும், ரெண்டையும் வாங்கி மாட்டினா யாரோ சைட் எஞ்சினியர் வந்துருக்காருன்னுதான் நினைப்பாங்க. அந்த ரிஞ்ச் கையில ஏறினாத்தான் ஆள் முழுசாவாரு. கேம்ல அவர் செய்யுற எல்லா வேலையும் அந்த ஒரு சாமான்லதான் நடக்குது. சென்ட்ரி கன், அதாவது தானா சுடுற மெஷின், வைக்க 130 மெட்டல் (மெஷின் கட்ட கேம்ல செலவாகுற பொருள்) ஆகும், கையில அதிகபட்சம் 200தான் வச்சுக்க முடியும், வச்ச சென்ட்ரியை அடுத்த லெவலுக்கு ஏத்தணும்னா இன்னொரு 200 கொட்டணும், ஒரு அடிக்கு 25 வீதம் போகும், அதாவது முழுசா 8 அடி. டங் டங்னு அந்த சத்தம் கேட்டாலே எங்கயோ ஒரு எஞ்சினியர் வேலை செஞ்சுக்கிட்டு இருக்காருன்னு டீமுக்கே ஒரு தெம்பு வரும். எதிரி டீம் ஸ்பை வந்து மெஷினைக் கெடுக்குற சாப்பர்ங்கிற கருவியை ஒட்டிட்டுப் போனாலும் ரிஞ்சாலதான் தட்டி எடுக்கணும். அதனால இந்த ப்ராப்பை, அதாவது வேஷத்துக்குக் கையில வச்சுக்குற போலி சாமானை, ஏனோதானோன்னு செய்ய எனக்கு மனசு வரல.

முதல்ல ஒரு விஷயம் முடிவு பண்ணிக்கணும். நிஜ ரிஞ்சோட காப்பி செய்யப் போறோமா, இல்ல கேம்ல இருக்குற ரிஞ்சை செய்யப் போறோமா? ரெண்டும் ஒண்ணுன்னு பல பேர் நினைக்கிறாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல. நிஜ ரிஞ்ச் வேணும்னா கடையில வாங்கிட்டுப் போகலாம், 24 இஞ்ச் இரும்பு பைப் ரிஞ்ச் நாலு கிலோவுக்கு மேல வரும், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தூக்கிக்கிட்டு கூட்டத்துல நடந்தா தோள்பட்டை போயிடும், அது போக எந்த கான்லயும் (காஸ்ப்ளே பண்றவங்க கூடுற விழா) வாசல்லயே பிடுங்கி வச்சுடுவாங்க, அது சரியும்கூட. நமக்கு வேண்டியது பாக்குறவன் கண்ணுக்கு நாலு கிலோவா தெரியுற கால் கிலோ சாமான். எடை கண்ணுல இருக்கணும், கையில இருக்கக் கூடாது. அதுக்கு ஃபோம் வெட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது, அந்த கேமை எப்படி வரைஞ்சாங்கன்னு தெரியணும், நிஜ ரிஞ்ச் எப்படி வேலை செய்யுதுன்னும் தெரியணும்.

நிஜத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். கேமைச் செஞ்ச வால்வ் நிறுவனம் குடுத்த கேரக்டர் குறிப்புப்படி எஞ்சினியர் டெக்ஸாஸ்ல பீ கேவ்ங்கிற சின்ன ஊர்க்காரர், மேற்கு டெக்ஸாஸ் எண்ணெய் வயல்ல 10 வருஷம் உடம்பு நோக வேலை பாத்தவர், அதுக்கு மேல 11 பிஎச்டி வேற. பிஎச்டி எல்லாம் வாங்கின மனுஷன் கையில ஏன் பைப் ரிஞ்ச்னா அந்த 10 வருஷம்தான் காரணம். எண்ணெய் வயல்னாலே பைப்தானே, பைப்போட பைப்பை திருகி இறக்குறதும் ஏத்துறதும்தான் அங்க வேலை. சாதாரண ஸ்பேனருக்கு அங்க மதிப்பில்ல, ஏன்னா ஸ்பேனருக்கு பிடிக்க ஒரு தட்டையான பக்கம் வேணும், பைப் உருண்டை. உருண்டையைப் பிடிக்கிற சாமானுக்கு டேனியல் ஸ்டில்சன்ங்கிறவர் 1869ல அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினாரு. வால்வொர்த்ங்கிற கம்பெனிகிட்ட இந்த யோசனையைக் கொண்டு போனப்போ, ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வா, ஒண்ணு பைப் முறுக்கி உடையணும் இல்ல உன் ரிஞ்ச் உடையணும்னு சொன்னாங்களாம், உடைஞ்சது பைப்.

அந்த டிசைன்ல நான் ரொம்ப ரசிக்கிறது என்னன்னா, மேல் ஜா, அதாவது பைப்பைக் கடிக்கிற மேல் தாடை, ஆடும். வேணும்னே லூஸா விட்டுருப்பாங்க. புதுசா பாக்குறவங்க ரிஞ்ச் பழசாகி ஆடுதுன்னு நினைப்பாங்க, இல்ல, அந்த ஆட்டம்தான் அதோட உயிர். கைப்பிடியை ஒரு பக்கம் அழுத்தும்போது மேல் ஜா கொஞ்சம் சாஞ்சு பைப்பைக் கடிக்கும், எவ்வளவு அழுத்துறோமோ அவ்வளவு கடி. திருப்பி எடுத்தா விட்டுடும். மேல் ஜா பல்லும் கீழ் ஜா பல்லும் எதிரெதிர் திசையில சாஞ்சிருக்கும். இதெல்லாம் ஃபோம்ல செய்யுற பொம்மைக்கு எதுக்குன்னு கேக்கலாம். ஜாவுக்கும் உடம்புக்கும் நடுவுல அந்த இடைவெளி இல்லாம ஒட்டி வச்சீங்கன்னா பாக்குறவங்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனா பொம்மைன்னு உடனே தெரிஞ்சுடும். 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உள்ள கருப்பா பெயிண்ட் பண்ணிப் பாருங்க, ஜா இப்போ அசையும்போலவே இருக்கும்.

எங்க தெருவுல ஒரு பிளம்பர் அண்ணன் இருக்காரு. அவர்கிட்ட போய், அண்ணே அந்தப் பெரிய பைப் ரிஞ்சைக் கொஞ்ச நேரம் குடுங்கண்ணே, அளவு எடுத்துட்டு தந்துடுறேன்னு கேட்டேன். எதுக்கு தம்பின்னாரு. இதே மாதிரி ஒண்ணு செருப்பு ஷீட்ல செய்யணும்ணேன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பாத்துட்டு, பையில இருந்து எடுத்து தரையில வச்சாரு, கையில குடுக்கல. நீயே தூக்குன்னாரு. தூக்கினேன். இப்படித் தூக்காத தம்பி, மணிக்கட்டு போயிடும்னு சொல்லி அவர் தூக்கிக் காட்டினாரு. நான் அளவு டேப்பைக் கீழ வச்சுட்டு அவரையே பாத்துக்கிட்டு நின்னேன். தலைப் பக்கம்தான் கனம்ங்கிறதால அவர் கைப்பிடி நுனியைப் பிடிக்கவே இல்ல, கழுத்துக்குக் கிட்ட பிடிச்சாரு. நடக்கும்போது தலை கீழ தொங்குற மாதிரி காலோட ஒட்டி வச்சுக்கிட்டாரு, அந்தப் பக்க தோள் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. ஓங்கும்போது மணிக்கட்டு அசையல, முழங்கை முதல்ல போகுது, அதுக்கப்புறம் கை, கடைசியா ரிஞ்ச். கீழ வைக்கும்போது போடல, இறக்கினாரு. ப்ராப்புக்கு வேண்டிய அளவெல்லாம் டேப்ல கிடைச்சுச்சு, அந்த ப்ராப்பை எப்படிக் கையில வச்சுக்கணும்ங்கிறது இவர்கிட்டதான் கிடைச்சுச்சு. அதைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

இப்போ கேம் பக்கம். டீம் ஃபோர்ட்ரஸ் 2ஓட படத் தோற்றத்தைப் பத்தி வால்வ்ல வேலை பாத்தவங்களே 2007ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காங்க, ஜேசன் மிட்சல், மோபி ஃப்ரான்கி, தபிஹ் எங்னு மூணு பேர். காஸ்ப்ளே பண்றவங்க அதைக் கண்டிப்பா படிக்கணும்னு நான் சொல்வேன், ஏன்னா அது கிட்டத்தட்ட நமக்கான பெயிண்டிங் பாடம். 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல அமெரிக்க பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் வரைஞ்ச லெயன்டெக்கர், டீன் கார்ன்வெல், நார்மன் ராக்வெல் இவங்க பாணியைத்தான் எடுத்துக்கிட்டாங்க. அதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது சில விஷயம். ஒவ்வொரு கேரக்டரும் வெறும் நிழலா தெரிஞ்சாலே யாருன்னு புரியணும், அதனால வெளிக்கோடுதான் முக்கியம். நிழல் கருப்பா போகாது, குளிர்ந்த நிறமா, நீலம் பக்கமா சாயும். ஓரங்கள்ல வெளிச்சக் கோடு ஓடும். தேவையில்லாத நுணுக்கத்தை வேணும்னே விட்டுடுவாங்க, பிரஷ் ஓடின தடம் தெரியும். இன்னொண்ணும் உண்டு, கேரக்டரோட கால் பக்கம் இருட்டா இருந்து மார்புக்கு வர வர வெளிச்சம் ஏறும், ஏன்னா மார்புகிட்டதான் ஆயுதம் இருக்கு, கண்ணு அங்க போகணும்.

இதைப் படிச்சதுக்கப்புறம் நிஜமான துரு, நிஜமான கீறல், எண்ணெய் பிசுக்குன்னு உண்மை மாதிரியே பெயிண்ட் பண்ற யோசனையை விட்டுட்டேன். யூட்யூப்ல துரு வரவைக்க நூறு வீடியோ இருக்கு, அதெல்லாம் அருமையான வேலைதான், வேற கேமுக்கு அது சரி. எஞ்சினியர் கையில அந்த ரிஞ்சைக் குடுத்தா படத்துக்குள்ள போட்டோ ஒட்டின மாதிரி தனியா நிக்கும்.

அளவு எடுக்க கேம் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீங்க. நம்ம கண்ணுக்கு முன்னாடி தெரியுற ரிஞ்ச் கேமராவோட கோணத்துல இழுபட்டு தெரியும், தலை பெருசாவும் பிடி சிறுசாவும் இருக்கும். சோர்ஸ் ஃபிலிம்மேக்கர்னு வால்வே 2012ல இலவசமா விட்ட சாஃப்ட்வேர் இருக்கு, அதுல அந்த மாடலை ஏத்தி கேமராவை ரொம்ப தூரம் கொண்டு போய் ஜூம் பண்ணி நேர் பக்கவாட்டுல வச்சு எடுத்தா நல்ல வெளிக்கோடு கிடைக்கும். அதை பிரிண்ட் போடும்போது எவ்வளவு பெருசாக்கணும்ங்கிறது அடுத்த கேள்வி. எஞ்சினியர் குள்ளம், ஆனா கை பெருசு, அதனால உயரத்தோட கணக்குப் போட்டா ஒரு அளவு வரும், கையோட கணக்குப் போட்டா வேற வரும். நான் கைக் கணக்கை எடுத்தேன். க்ளவுஸ் போட்ட முஷ்டியோட அகலத்தை அளந்து, கேம்ல அவர் முஷ்டிக்கும் பிடிக்கும் என்ன விகிதமோ அதே விகிதம் வச்சேன், மொத்த நீளம் ரெண்டு அடி கிட்ட வந்துச்சு. கூடவே தடிமனை மட்டும் கொஞ்சம் கூட்டினேன். தூரத்துல இருந்து பாக்கும்போது மெல்லிசா இருந்தா கனம்ங்கிற எண்ணமே வராது.

பொருளுக்கு வரலாம். முக்கியமானது ஈவிஏ ஃபோம், செருப்பு அடிப்பாகத்துக்குப் போடுற அதே சமாச்சாரம். காஸ்ப்ளேக்குன்னு ஆன்லைன்ல விக்கிறதை விட சென்னையில இருக்கறவங்க பெரியமேட்டுப் பக்கம் போறது நல்லது, தோல், செருப்பு சாமான் விக்கிற கடைகள் அங்கதான் வரிசையா இருக்கு, ஷீட்டை கையில அமுக்கிப் பாத்து வாங்கலாம். கட்டை விரலால அழுத்தி எடுத்தா குழி உடனே மறையணும், வெட்டுன ஓரத்துல கண்ணுக்குத் தெரியுற ஓட்டை இருக்கக் கூடாது. பசங்க விளையாடுற ஜிக்சா பாயும் ஈவிஏதான், ஆனா அது லேசான ரகம், ஓரம் பிசிறும், பெரிய பகுதிகளுக்குள்ள நிரப்ப மட்டும் பயன்படுத்தலாம். தடிமன்ல 10 மில்லி, 5 மில்லி, 2 மில்லி மூணும் வேணும்.

தெர்மாகோல்ல செஞ்சா இன்னும் லேசு ஆச்சேன்னு கேக்கறவங்களுக்கு: லேசுதான், ஆனா மூலை உடையும், கான்டாக்ட் பசையும் ஸ்ப்ரே பெயிண்டும் பட்டா அதுல இருக்குற கரைப்பான் தெர்மாகோலைத் தின்னுடும். ஃபோம் அடி வாங்கினாலும் திரும்பி எழுந்திரிக்கும், கூட்டத்துல போற ப்ராப்புக்கு அதுதான் வேணும்.

எடைக் கணக்கு இப்படித்தான். ஸ்டீல் ஒரு கன மீட்டருக்கு சுமார் 7,850 கிலோ, நல்ல அடர்த்தியான ஈவிஏ ஃபோம் சுமார் 100 கிலோ. கிட்டத்தட்ட 78 மடங்கு வித்தியாசம். நாலு கிலோ சொச்சம் வர்ற ரிஞ்சை அப்படியே ஃபோம்ல வார்த்தா 55, 60 கிராம்தான் வரும். கேம்ல இருக்குற மாதிரி தடிமன் கூட்டி, உள்ள பைப் வச்சு, பசை, பெயிண்ட் எல்லாம் சேர்ந்தாத்தான் கால் கிலோவைத் தொடுது. அதுல ஃபோமை விட மத்ததோட எடைதான் அதிகம்ங்கிறதை கவனிங்க, லேசாக்கணும்னா குறைக்க வேண்டியது பைப்பையும் பசையையும்தான்.

பைப்னு சொன்னேன்ல, அது தண்ணி பைப் வேணாம், கரண்ட் வயர் போடுற சின்ன கண்டியூட் பைப் போதும், சுவர் மெல்லிசு, லேசு. பிடி தொங்காம இருக்கறதுக்கு மட்டும்தான் அது. தலைக்குள்ள பாதி வரைக்கும் போனா போதும், நுனிக்கு மேல நல்லா ரெண்டு விரல் அளவு வெறும் ஃபோம் இருக்கணும். யார் மேலயாவது இடிச்சாலும் முதல்ல படுறது மெத்துனு இருக்கணும், இதுல மட்டும் எந்த சமரசமும் கூடாது, குட்டிப் பசங்க ஓடி வந்து கட்டிப் பிடிக்கிற கேரக்டர் இது.

பைப் ரிஞ்சோட பிடியைக் குறுக்க வெட்டிப் பாத்தா ஆங்கில ஐ எழுத்து மாதிரி இருக்கும், ரெண்டு ஓரமும் தடிச்சு, நடுவுல பள்ளம். இரும்பை மிச்சம் பிடிக்கவும் பலத்துக்காகவும் அப்படி வார்க்கிறாங்க. ஃபோம்ல இது ரொம்ப சுலபம். நடுவுல ரெண்டு 10 மில்லி ஷீட்ல பைப்புக்குப் பள்ளம் தோண்டி சாண்ட்விச்சா ஒட்டி, மேல ஓரத்தைச் சுத்தி மட்டும் 5 மில்லி பட்டை ஒட்டினா அந்தப் பள்ளம் தானா வந்துடும். இந்த ஒரு பள்ளம்தான் பாதி கனத்தைக் குடுக்குது, ஏன்னா அதுல நிழல் விழும், வார்ப்பிரும்பு ஞாபகம் கண்ணுக்கு வந்துடும்.

வெட்டுறதுக்கு சாதாரண கட்டர் போதும், பிளேடு மட்டும் புதுசா இருக்கணும். ஃபோம் பிளேடை மொக்கையாக்குற வேகம் நம்ப முடியாது, பாக்க மெத்துனு இருக்கும் ஆனா அப்படி தின்னும். மொக்கை பிளேடு ஃபோமை வெட்டாது, கிழிக்கும், ஓரம் பல் பல்லா வரும். பிளேடை நிறைய நீட்டி சாச்சுப் பிடிச்சு ஒரே இழுவையா இழுக்கணும், ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது.

ஒட்டுறதுக்கு ஃபெவிகால் எஸ்ஆர் வகை, அதாவது செருப்புக் கடைக்காரங்க பூசுற மஞ்சப் பசை. ரெண்டு பக்கமும் மெல்லிசா பூசி, விரல் வச்சா ஒட்டாம லேசா இழுக்குற பதம் வர்ற வரைக்கும் விடணும், பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், மழைக்காலத்துல இன்னும் கூட. அவசரப்பட்டு ஈரமா ஒட்டினா வழுக்கும், பதத்துல ஒட்டினா அவ்வளவுதான், பிரிக்க முடியாது, அதனால முதல்ல ஒரு முனையை மட்டும் சரியா வச்சு மெதுவா படிய விடுங்க. பால்கனியிலயோ மொட்டை மாடியிலயோ வச்சு பண்ணுங்க. சாதா என்95 மாஸ்க் தூசியைத்தான் பிடிக்கும், பசை ஆவியைப் பிடிக்காது, அதுக்கு கார்பன் ஃபில்டர் வச்ச மாஸ்க் வேணும். உப்புத்தாள் போடும்போதும் ஃபோம் தூள் ரொம்ப மெல்லிசு, அப்போ என்95 போதும்.

எனக்கு இந்த வேலையிலயே ரொம்ப பிடிச்ச கட்டம் ஹீட் கன், அதாவது சூடான காத்து அடிக்கிற கருவி. ஃபோம் மேல சூடு ஓட்டும்போது முதல்ல ஒண்ணும் நடக்காது, அப்புறம் திடீர்னு மங்கலா இருந்த பரப்புல ஒரு பளபளப்பு ஓடும், அப்போ மேல இருக்குற நுண்துளைங்க மூடுதுன்னு அர்த்தம், அந்த இடத்தை விட்டு நகர்ந்துடணும். அதோட இன்னொரு வித்தை இருக்கு. சூடு காட்டுறதுக்கு முன்னாடி பிளேடு நுனியால 2 மில்லி ஆழத்துக்கு ஒரு கோடு கீறி வைங்க, கண்ணுக்கே தெரியாத மயிரிழைக் கோடு. சூடு பட்ட உடனே அந்தக் கோடு மெதுவா வாய் திறக்கும், ரெண்டு ஓரமும் உருண்டு உள்ள வாங்கும், ஏதோ அச்சுல வார்த்த கோடு மாதிரி சுத்தமா நிக்கும். தலைக்கும் பிடிக்கும் நடுவுல இருக்குற இணைப்புக் கோடு, வருஷக்கணக்கா சென்ட்ரி மேல அடிச்ச தழும்பு, எல்லாத்தையும் நான் இப்படித்தான் போட்டேன். தழும்பு எங்க இருக்கும்னு யோசிச்சுப் போடுங்க. எஞ்சினியர் ரிஞ்சோட தலையாலதான் அடிப்பாரு, பிடியோட நடுவுல தழும்பு வர எந்த நியாயமும் இல்ல.

பல்லுக்கு 5 மில்லி ஷீட்ல முக்கோணப் பட்டைகளா சாச்சு வெட்டி ஒண்ணு ஒண்ணா அடுக்கினேன், மேல ஒரு திசை, கீழ எதிர் திசை. எண்ணிக்கையைக் குறைச்சு அளவைப் பெருசாக்கினேன், நிஜத்துல பொடிப் பல்லா இருக்கும், இங்க பத்தடி தள்ளி நிக்கிறவனுக்கும் பல் தெரியணும். ஜாவை ஏத்தி இறக்கத் திருகுற நட்டுக்கு கண்டியூட் பைப் ஒரு சின்ன துண்டு மேல 5 மில்லி பட்டையைச் சுத்தி, சுத்துறதுக்கு முன்னாடியே வரிசையா கோடு கீறி சூடு காட்டிட்டேன், வளைக்கும்போது கோடெல்லாம் விரிஞ்சு நல்ல பிடிப்பான நட் மாதிரி ஆயிடுச்சு. அதை ஒட்டாம சுத்துற மாதிரியே விட்டுருக்கேன். ஜா நகராது, நட் மட்டும் சுத்தும். வரிசையில நிக்கும்போது கட்டை விரல் தானா அதை உருட்டிக்கிட்டே இருக்கு, அதுவே பாக்குறதுக்கு அவர் ஏதோ வேலைக்குத் தயாராகிற மாதிரி இருக்கு.

பெயிண்டுக்கு முன்னாடி சீல் பண்ணணும், இல்லன்னா ஃபோம் பெயிண்டைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். ரப்பர் ஸ்ப்ரே கிடைச்சா சிறப்பு. கிடைக்கலன்னா மரத்துக்குப் போடுற வெள்ளை ஃபெவிகால்ல தண்ணி கலந்து மெல்லிசா நாலஞ்சு கோட், ஒவ்வொண்ணும் முழுசா காயணும். ஆனா இது தண்ணியில இளகுற பசை, நம்ம ஊரு வியர்வைக்குப் பிடி பிசுபிசுன்னு ஆகும், அதனால பெயிண்டுக்கு மேல கண்டிப்பா பளபளக்காத மேட் வார்னிஷ் போடணும்.

பெயிண்டிங்தான் எடையை ஏத்துற இடம். கருப்பு பேஸ் போடல. கருநீலத்துல கொஞ்சம் ஊதா கலந்து அடிச்சேன், அதுதான் என் நிழல் நிறம். அதுக்கு மேல நடுத்தரமான சாம்பல், கொஞ்சம் வெதுவெதுப்பா பழுப்பு சேர்த்தது, அகலமான பிரஷ்ல, தடம் தெரியுற மாதிரி, பிடியோட நீளவாட்டுல. மெட்டாலிக் சில்வரை கிட்டத்தட்ட தொடவே இல்ல, அது லைட்டு பட்டா தகரம் மாதிரி மினுங்கும், தகரம்னா லேசுன்னு கண்ணுக்குத் தெரியும். கடைசியா ஓரங்களுக்கு மட்டும் வெளிர் நிறக் கோடு. இந்தக் கோடு எல்லா ஓரத்துலயும் ஒரே அகலத்துல போகக் கூடாது, மேல் ஜாவோட முதுகுல அகலமா ஆரம்பிச்சு பிடிக்கு வரும்போது தேய்ஞ்சு காணாம போகணும். கட்டுரையில சொன்ன அந்த கால்ல இருந்து மார்புக்கு வெளிச்சம் ஏறுற கணக்கை நான் ரிஞ்சுக்குள்ளயே வச்சேன், பிடி நுனி இருட்டு, தலை வெளிச்சம். கண்ணு நேரா தலைக்குப் போகுது, தலைதான் கனமான பக்கம். பெயிண்ட் காஞ்சதுக்கப்புறம் அதை மேசையில வச்சுட்டு தள்ளி நின்னு பாத்தப்போ, செஞ்சவனுக்கே தூக்க யோசனையா இருந்துச்சு. அவ்வளவு சந்தோஷம்.

இனி கை. ப்ராப் எவ்வளவு நல்லா இருந்தாலும், தூக்குற விதத்துல காத்தாடி மாதிரி பறந்துச்சுன்னா எல்லாம் போச்சு. லேசான சாமானை வேகமா ஆட்டத்தான் கை ஆசைப்படும், மணிக்கட்டு தன்னால திரும்பும். அங்கதான் பிளம்பர் அண்ணன் காட்டினது உதவுது. கழுத்துக்குக் கிட்ட பிடி, தோளை இறக்கு, மணிக்கட்டை பூட்டிக்கோ, முழங்கையால ஓங்கு, அடிச்சு முடிச்ச இடத்துல ஒரு கணம் நிறுத்து. நிறுத்துறதுதான் முக்கியம், கனமான சாமான் உடனே திரும்பி வராது. பிடியோட அடி நுனியில சின்னதா ஒரு எடை வைக்கிறவங்களும் இருக்காங்க, 40, 50 கிராம், கை பறக்காம இருக்க அது உதவும்தான், எனக்கு அது இல்லாமலே பழகிடுச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு பழகுங்க, இல்ல போன்ல வீடியோ எடுத்து சத்தமில்லாம போட்டுப் பாருங்க.

போட்டோவுக்கு நிக்கும்போது ரிஞ்சை இடுப்புக்குக் கீழ தொங்க விடாதீங்க. மார்பு உயரத்துல, க்ளவுஸ் போட்ட வலது கையில, தலைப் பக்கம் இடது உள்ளங்கையில தட்டுற மாதிரி வைங்க. கேம்ல கண்ணு எங்க போகணும்னு அவங்க திட்டம் போட்டாங்களோ அதே இடம்.

சென்னைக்கு காமிக் கான் 2024 பிப்ரவரியில நந்தம்பாக்கம் டிரேட் சென்டருக்கு வந்ததுல இருந்து நம்ம ஊர்லயும் காஸ்ப்ளே பண்றவங்க கூடிக்கிட்டே இருக்காங்க, முன்னாடி பெங்களூர் போனாத்தான் இதெல்லாம். அதனால நம்ம ஊருக்கு வேண்டிய சில விஷயம். உள்ள நுழையும்போது ப்ராப்பை சோதிப்பாங்க, ஃபோம்தான்னு அமுக்கிக் காட்டத் தயாரா இருங்க, உள்ள இருக்குறது பிளாஸ்டிக் பைப்தான்னு கேட்டா சொல்லுங்க, பிடியோட அடியில ஒரு மூடி மாதிரி விட்டு பைப் வாயைத் திறந்து காட்டுற மாதிரி வச்சா வேலை சுலபம். வெயில்ல நிறுத்தின காருக்குள்ள ப்ராப்பை விட்டுட்டுப் போகாதீங்க, மூடின கார் சூட்டுல ஃபோம் சாயும், கான்டாக்ட் பசை இளகி ஓரம் பிரியும். பஸ்லயோ மெட்ரோவுலயோ போறவங்க ஒரு பழைய பெட்ஷீட்ல சுத்திக் கொண்டு போங்க, பெயிண்ட் உரசாது, பாக்குறவங்களும் பதற மாட்டாங்க. பையில ஒரு சின்ன டியூப் பசை, ஒரு பிளேடு, கலந்து வச்ச அந்த சாம்பல் பெயிண்ட் ஒரு குட்டி டப்பாவுல, அப்புறம் ஒரு பிரஷ். முதல்ல தேயுறது மேல் ஜாவோட மூக்குதான், எல்லாரும் அங்கதான் தொட்டுப் பாப்பாங்க.

பிரிண்ட் போட்ட அந்த வெளிக்கோடு டெம்ப்ளேட்டை பத்திரமா வச்சிருக்கேன். 2010 ஜூலையில எஞ்சினியர் அப்டேட் வந்தப்போ கேம்ல மொத்தமா 100 பேருக்கு மட்டும் கோல்டன் ரிஞ்ச் கிடைச்சுச்சு, எனக்கு அது கிடைக்கல, அடுத்து அதைத்தான் செய்யப் போறேன். தங்கத்துக்கும் மெட்டாலிக் பெயிண்ட் கிடையாது, காவி, மஞ்சள், ஓரத்துக்கு கிரீம், நிழலுக்கு அதே ஊதாதான்.